கிணற்று மோட்டரும் கம்பியின் தடையும்

மின்மோட்டரால் நீரிறைக்க விரும்பும் கமக்காரர் மோட்டரின் குதிரைவலுவையும் விலையையும் நன்கு விசாரித்தே வாங்குகின்றனர். ஆனால், வீட்டிலிருந்து கிணற்றடி வரை மின்சாரத்தைக் கொண்டு செல்லும் கம்பியைப் பற்றி விசாரிப்போர் மிகச் சிலரே. மோட்டர்கள் எரிந்துபோவதற்குரிய காரணங்களுள் இக்கவனக்குறைவு முக்கியமான ஒன்றாகும். சிறிதளவு கணக்கறிவு இருப்பின் இந்நட்டத்தைத் தவிர்க்கலாம். அக்கணக்கில் பெருக்கலும் வகுத்தலும் அன்றி வேறொன்றும் இல்லை.

கொழும்புக்கு வந்து, புறக்கோட்டையை அடுத்த பழைய சோனகத் தெருக் கடைகளில் 1 குதிரைவலு மோட்டர் ஒன்றை வாங்கும் கமக்காரர், அதனை வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள உறவினர் வீட்டில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதுண்டு. ஆளியை அழுத்தியதும் மோட்டர் குறையேதுமின்றிச் சுழலும். (நீரில்லாமல் பம்பியைச் சில வினாடிகளுக்கு மேல் ஓட்டலாகாது, அச்சாணியருகே நீர் கசியாமல் காக்கும் அடைப்பு கெட்டுவிடும்.) அதே மோட்டரைத் தோட்டத்துக்குக் கொண்டுசென்று, நீண்ட மெல்லிய கம்பியில் இணைத்தால், அது சுழலாமல் உறுமிக்கொண்டு நிற்கும்; அன்றேல் தளர்ந்து சுழன்று, தொட முடியாதபடி சூடேறும். அப்போது கடைக்காரர் பழைய மோட்டரைத் தந்துவிட்டார் என்று கமக்காரர் நினைப்பது இயல்பே. பெரும்பாலும் கடைக்காரர் மேல் குற்றமில்லை, மோட்டரிலும் பழுதில்லை.

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் இத்தகைய மோட்டர்களே நிலத்தொட்டியிலிருந்து கூரைத்தொட்டிக்கு நீர் ஏற்றுகின்றன. அங்கு மின்மானிக்கும் மோட்டருக்கும் இடையே உள்ள கம்பி பெரும்பாலும் 10 அல்லது 20 மீற்றர்தான். தோட்டத்திலோ அது 100 மீற்றரையும் கடக்கும். வேறுபாடு முழுவதும் இந்த நீளத்திலேயே அடங்கியுள்ளது.

மூன்று அளவுகள்

குளத்து மதகிலிருந்து வயலுக்கு நீர் பாய்வதை எண்ணிப் பார்த்தால் மின்சாரத்தின் போக்கு எளிதில் விளங்கும். குளத்தின் நீர்மட்டம் வயலைவிட எவ்வளவு உயர்ந்துள்ளதோ அந்த உயரத்தைப் போன்றது வோல்ற்றளவு. வாய்க்காலில் ஒரு வினாடிக்கு எவ்வளவு நீர் செல்கிறதோ அதைப் போன்றது மின்னோட்டம். அதனை அம்பியர் என்னும் அலகால் அளப்பர். வாய்க்காலின் ஒடுக்கமும் நீளமும் நீரைத் தடுப்பது போல, கம்பியின் ஒடுக்கமும் நீளமும் மின்னோட்டத்தைத் தடுக்கின்றன. அதுவே தடை, அதன் அலகு ஓம். இவ்வுவமையை ஓரளவுக்கு மேல் நீட்டுதல் கூடாது. வெட்டிய வாய்க்காலிலிருந்து நீர் வழிந்தோடும். வெட்டிய கம்பியிலிருந்து மின்சாரம் அவ்வாறு வழியாது. அது செல்வதற்கும் திரும்புவதற்கும் முழுமையான பாதை வேண்டும். திரும்பும் பாதையும் உண்டு என்பதைக் கமக்காரர் மறவாதிருத்தல் நன்று. பின்னர் வரும் கணக்கில் கம்பியின் நீளத்தை இரட்டிக்க வேண்டியிருப்பது இதனாலேயே.

இம்மூன்று அளவுகளுக்கும் உள்ள தொடர்பை 1827 ஆம் ஆண்டில் வெளியிட்டவர் ஜேர்மனியப் பள்ளியாசிரியரான ஜோர்ஜ் சைமன் ஓம் என்பவர். வோல்ற்றளவை ஓட்டத்தால் வகுக்கத் தடை கிடைக்கும். ஓட்டத்தைத் தடையால் பெருக்க வோல்ற்றளவு கிடைக்கும். வோல்ற்றளவைத் தடையால் வகுக்க ஓட்டம் கிடைக்கும். ஒன்றை அறிந்தோர் மற்ற இரண்டையும் தாமே வருவித்துக்கொள்ளலாம்.

வலு என்பது ஒரு வினாடியில் நடைபெறும் வேலையின் அளவு. வோல்ற்றளவை ஓட்டத்தால் பெருக்க வலு வாற்றுக் கணக்கில் கிடைக்கும். 1,000 வாற்று ஒரு கிலோவாற்று. ஒரு கிலோவாற்று வலு ஒரு மணி நேரம் செலவானால் மின்கட்டணச் சிட்டையில் ஓர் அலகு ஏறும். ஒரு குதிரைவலு 746 வாற்றுக்குச் சமம்.

வீட்டில் உள்ள மின்கேத்தல் ஒன்றைக் கொண்டு இதனைச் சரிபார்க்கலாம். அதன் அடியில் 230 வோல்ற்று, 2,000 வாற்று என்று பொறித்திருப்பதாகக் கொள்வோம். 2,000 ஐ 230 ஆல் வகுக்க, ஓட்டம் 8.7 அம்பியர். 230 ஐ 8.7 ஆல் வகுக்க, அதன் சூடேற்றிச் சுருளின் தடை 26.4 ஓம். மாலை வேளையில் வோல்ற்றளவு 200 ஆகக் குறைந்தால் சுருளின் தடை மாறுவதில்லை. ஆகவே ஓட்டம் 200 ஐ 26.4 ஆல் வகுத்து வரும் 7.58 அம்பியராகக் குறையும். வலுவோ 1,515 வாற்றாகிவிடும். வோல்ற்றளவு நூற்றுக்கு 13 குறைய, வலு நூற்றுக்கு 24 குறைந்திருப்பதைக் காண்க. குறைந்த வோல்ற்றளவு இரு வழியாலும் வலுவைக் குறைக்கிறது. தானும் குறைகிறது, ஓட்டத்தையும் குறைக்கிறது.

பழைய இழை விளக்கை வைத்து இக்கணக்கைச் சோதிக்க முயல்வோர் ஏமாறுவர். 60 வாற்று விளக்கு எரியும்போது அதன் தடை ஏறக்குறைய 880 ஓம். அணைந்து குளிர்ந்தபின் மானியால் அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்கும் இராது. உலோகம் சூடேறும்போது தடையும் ஏறுவதே இதற்குக் காரணம்.

மோட்டர் கேத்தலைப் போன்றதன்று

கேத்தலின் வோல்ற்றளவு குறைந்தால் ஓட்டமும் குறையும். நீர் கொதிக்கச் சற்றுத் தாமதமாகும், அவ்வளவே. மோட்டரில் நிகழ்வது இதற்கு நேர்மாறானது. சுழலும் மோட்டர் தனக்குள்ளேயே ஓர் எதிர் வோல்ற்றளவை உண்டாக்குகின்றது; ஓட்டத்தைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் அதுவேயன்றிச் சுருளின் தடையன்று. எனவே, மோட்டரின் சுருளை மானியால் அளந்து, வரும் ஓம் கணக்கால் 230 ஐ வகுத்து ஓட்டத்தைக் கண்டுபிடிக்க முனைதல் வீண்வேலை.

மோட்டருக்கான வழி வேறு. 1 குதிரைவலு மோட்டர் தன் அச்சில் 746 வாற்றைத் தருகிறது. இவ்வளவான சிறிய மோட்டர்கள் தாம் பெறும் வலுவில் நூற்றுக்கு 65 அளவையே வேலையாக மாற்றுவனவெனக் கொண்டால், மின்கம்பியிலிருந்து அது பெறுவது 746 ஐ 0.65 ஆல் வகுத்து வரும் 1,148 வாற்று. இன்னொரு திருத்தமும் உண்டு. மோட்டரில் வோல்ற்றளவும் ஓட்டமும் ஒரே கணத்தில் ஏறியிறங்குவதில்லை. அதனால், இரண்டையும் பெருக்கி வரும் எண் முழுவதும் வலுவாகாது. வலுக்காரணி எனப்படும் பின்னத்தாலும் அதனைப் பெருக்க வேண்டும். அது 0.8 எனக் கொள்ளின், ஓட்டம் 1,148 ஐ 230 ஆலும் 0.8 ஆலும் வகுத்து வரும் 6.2 அம்பியர். மோட்டரின் பெயர்த்தகட்டில் அம்பியர் பொறிக்கப்பட்டிருந்தால் இக்கணக்கு வேண்டியதில்லை. தகட்டின் எண்ணையே கொள்ளலாம். தகடில்லாத மோட்டரை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதிருத்தலே புத்தி.

இந்த 6.2 அம்பியர் மோட்டர் நிலையாகச் சுழலும்போது செல்லும் ஓட்டம். ஆளியை அழுத்தும் கணத்தில் மோட்டர் சுழலாமல் நிற்பதால் எதிர் வோல்ற்றளவு இல்லை. அப்போது ஐந்து அல்லது ஆறு மடங்கு ஓட்டம், அதாவது ஏறக்குறைய 35 அம்பியர், ஓரிரு வினாடிகள் பாயும். அவ்வினாடிகளில் மாத்திரம் மோட்டரை 230 ஐ 35 ஆல் வகுத்து வரும் 6.6 ஓம் தடையாக மதிக்கலாம். உறுமி நிற்கும் மோட்டரின் இரகசியம் இங்கேதான் இருக்கிறது.

கம்பியின் தடை

கொழும்புக் கடைகளில் செப்புக் கம்பிகளை 1/1.13, 7/0.67, 7/1.04 என்று குறிப்பிடுவர். முதலெண் கம்பிக்குள் எத்தனை இழைகள் என்பதையும், இரண்டாவது எண் ஒவ்வோர் இழையும் எத்தனை மில்லிமீற்றர் விட்டமுடையது என்பதையும் காட்டும். விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, 0.785 ஆலும் இழைகளின் எண்ணிக்கையாலும் பெருக்க, குறுக்குவெட்டுப் பரப்புக் கிடைக்கும். 1/1.13 கம்பி 1 சதுர மில்லிமீற்றர், 7/0.67 கம்பி 2.5, 7/1.04 கம்பி 6. (கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை போன்ற இடங்களில் உள்ள பழைய வீடுகளைத் திருத்தும்போது 3/.029, 7/.029 என்ற கணக்கில் அமைந்த கம்பிகள் தென்படக்கூடும். அவை அங்குல அளவுகள், மில்லிமீற்றர் அல்ல.)

1,000 மீற்றர் நீளத்தில் இம்மூன்று கம்பிகளின் தடையும் முறையே ஏறக்குறைய 18.1 ஓம், 7.41 ஓம், 3.08 ஓம் ஆகும். நீளம் கூடத் தடை கூடும். பரப்புக் கூடத் தடை குறையும். அலுமினியக் கம்பிக்கு, அதே பரப்பில், செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் தடையுண்டு.

வீட்டு மின்மானியிலிருந்து 120 மீற்றர் தொலைவில் கிணறு உள்ளதெனக் கொள்வோம். சென்று திரும்பும் கம்பி 240 மீற்றர். செலவைக் குறைக்க எண்ணி விளக்குகளுக்குரிய 1/1.13 கம்பியை இழுத்திருந்தால் அதன் தடை 4.34 ஓம். 6.2 அம்பியரை இதனால் பெருக்க 27 வோல்ற்று வரும். வீட்டில் 230 வோல்ற்று இருப்பினும் மோட்டருக்குக் கிடைப்பது 203 தான். இலங்கையில் வழங்கலின் வோல்ற்றளவு 230 இலிருந்து நூற்றுக்கு 6 ஏறவும் இறங்கவும் இடமுண்டு. எனவே வீட்டிலேயே 216 ஆக இருக்கும் வேளையில் மோட்டருக்கு 190 ஐயும் எட்டாது. பம்பி கேட்கும் வேலை குறையாததால், குறைந்த வோல்ற்றளவை ஈடுசெய்ய மோட்டர் 7 அம்பியரும் அதற்கு மேலும் இழுக்கும். அதனால் கம்பியில் வீழ்ச்சி மேலும் கூடும்.

இதனினும் மோசமானது தொடங்கும் கணம். மோட்டரின் 6.6 ஓமும் கம்பியின் 4.34 ஓமும் சேர ஏறக்குறைய 10.9 ஓம். 230 ஐ அதனால் வகுக்க ஓட்டம் 21 அம்பியர்; மோட்டரின் முனைகளில் எஞ்சுவது 138 வோல்ற்று. முழு வோல்ற்றளவில் இது நூற்றுக்கு 60. மோட்டரின் தொடக்க முறுக்குவிசை வோல்ற்றளவின் வர்க்கத்தைப் பின்பற்றுவதால், அது நூற்றுக்கு 36 ஆகிவிடும். நீர் நிறைந்த குழாயோடு இணைந்த பம்பியைச் சுழற்ற இவ்விசை போதாமற்போவதில் வியப்பில்லை. மோட்டர் நின்றபடியே 21 அம்பியரை இழுக்கும். வெப்பமோ ஓட்டத்தின் வர்க்கத்தைப் பின்பற்றும். 21 என்பது 6.2 இன் ஏறக்குறைய 3.4 மடங்கு, 3.4 இன் வர்க்கம் 11 க்கு மேல். தகட்டில் குறித்த வெப்பத்தைப்போல் பதினொரு மடங்கு வெப்பம், காற்றூட்டும் விசிறியும் சுழலாத நிலையில், சுருளில் சேரும். சுருளின் காப்புப்பூச்சு கருகுவதற்குச் சில நிமிடங்களே போதும். ஆகவே, உறுமும் மோட்டரை “இன்னும் சற்றுப் பார்ப்போம்” என்று விட்டுவைத்தலாகாது; உடனே ஆளியை அணைத்துவிட வேண்டும்.

அதே தூரத்துக்கு 7/0.67 கம்பியை இட்டிருந்தால் தடை 1.78 ஓம், ஓடும்போது வீழ்ச்சி 11 வோல்ற்று, தொடங்கும்போது மோட்டருக்கு 181 வோல்ற்றுக் கிடைக்கும், முறுக்குவிசை நூற்றுக்கு 62. இது எல்லைக்கோட்டில் நிற்கும் ஏற்பாடு. வீட்டு வோல்ற்றளவு சரியாக உள்ள நாளில் ஓடும். குறைந்த நாளில் தகராறு செய்யும். 7/1.04 கம்பியில் தடை 0.74 ஓம் மாத்திரமே. வீழ்ச்சி 5 வோல்ற்றுக்கும் குறைவு. தொடக்கத்தில் 207 வோல்ற்று, முறுக்குவிசை நூற்றுக்கு 81. இத்தூரத்துக்குப் பொருத்தமானது இதுவே. வோல்ற்றளவும் ஓட்டமும் ஒருங்கே ஏறியிறங்காமையைக் கருதினால் உண்மையான வீழ்ச்சி மேற்கண்ட எண்களிலும் சற்றுக் குறையும். இருப்பினும் கமக்காரரின் தேவைக்கு இக்கணக்கு போதும். பிழைத்தாலும் பாதுகாப்பான பக்கத்திலேயே பிழைக்கும்.

தடித்த கம்பியின் விலை அச்சமூட்டக்கூடும். அதனோடு பணமாகும் இன்னொரு கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கம்பியில் வீணாகும் வலு, ஓட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கி வருவது. 1/1.13 கம்பியில் அது 167 வாற்று, 7/1.04 கம்பியில் 28 வாற்று. மரக்கறிப் பயிருக்கு நாளொன்றுக்கு 4 மணி நேரமாக 100 நாள்கள் இறைத்தால், முதலாவதில் 67 அலகும் இரண்டாவதில் 11 அலகும் பயிருக்கு ஒரு சொட்டு நீரும் தராமல் கம்பியைச் சூடாக்குவதிலேயே செலவாகும். ஒரு போகத்திலேயே 56 அலகு வேறுபாடு. இதனோடு ஒருமுறை மோட்டர்ச் சுருளைக் கட்டுவிக்கும் கூலியையும் சேர்த்தால் எது மலிவு என்பதைக் கமக்காரர் தாமே தீர்மானிக்கலாம்.

இலக்சபானா மின்சாரம் கொழும்புக்கு வந்த வகை

கிணற்றடியில் கமக்காரர் எதிர்ப்படும் இதே இடையூற்றைத்தான், மிகப் பெரிய அளவில், இலங்கையின் மின்பொறியியலாளர்களும் எதிர்ப்பட்டனர். மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்பதை டி. ஜே. விமலசுரேந்திரா 1918 ஆம் ஆண்டில் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் கட்டுரை வாயிலாக எடுத்துரைத்தார். அத்திட்டம் பலவாறு தடைப்பட்டு, 1950 ஆம் ஆண்டிலேயே இலக்சபானாவில் முதற்கட்ட நிலையம் இயங்கத் தொடங்கியது. 1874 இல் பிறந்த அவர் 1953 இல் காலமாகும் முன்னர் அதனைக் காணும் பேறு பெற்றார். முதற்கட்டத்தின் வலு 25,000 கிலோவாற்று. அதனைக் கொழும்புக்குக் கொண்டுவந்த கம்பிகளின் வோல்ற்றளவு 66,000.

ஏன் அத்தனை உயரம்? மூன்று கட்டக் கம்பிகளில் ஓட்டத்தைக் காண, வலுவை வோல்ற்றளவாலும் 1.73 ஆலும் வகுக்க வேண்டும். 66,000 வோல்ற்றில் 25,000 கிலோவாற்றுக்கு ஏறக்குறைய 220 அம்பியர் போதும். அதே வலுவை வீதிக் கம்பங்களில் உள்ள 400 வோல்ற்றில் அனுப்ப முனைந்திருந்தால் 36,000 அம்பியர் வேண்டியிருக்கும்; ஓட்டம் 165 மடங்கு. ஒரே கம்பியில் நட்டம் இதன் வர்க்கமாகையால் 27,000 மடங்குக்கு மேல். மலைநாட்டிலிருந்து கொழும்பு வரை அதனைத் தாங்கும் கம்பி எவரிடத்தும் இல்லை. வோல்ற்றளவை உயர்த்தி ஓட்டத்தைத் தாழ்த்தி அனுப்பி, நகரத்தின் நிலைமாற்றிகளில் மீண்டும் படிப்படியாக இறக்கி வீடுகளுக்குத் தருவதே வழியாயிற்று. வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கைக்குள் இருக்கும் வீட்டுக்கும் அருகிலுள்ள நிலைமாற்றிக்கும் இடையே தூரம் குறைவாதலால் அங்கு வோல்ற்றளவு செவ்வையாக இருக்கிறது.

கமக்காரரால் வோல்ற்றளவை அவ்வாறு உயர்த்த இயலாது. ஆனால் பெரிய மோட்டர் வேண்டுவோர், மூன்று கட்ட இணைப்புப் பெற்றால் 400 வோல்ற்றுக் கிடைக்கும். அதே வலுவுக்கு ஒவ்வொரு கம்பியிலும் ஓட்டம் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகும். 3 குதிரைவலுவுக்கு மேற்பட்ட மோட்டரை நெடுந்தூரத்தில் ஒற்றைக்கட்டத்தில் ஓட்ட முயல்வது வருந்தத்தக்க செலவு.

வயலுக்கு இறைப்போரும் ஒரு கணக்கைப் பார்த்தல் வேண்டும். 1 ஏக்கர் வயலில் 2 அங்குல நீர் நிறுத்த ஏறக்குறைய 2,05,000 லீற்றர் தேவை. 1 குதிரைவலு மோட்டர், பம்பி பாதி வலுவையே நீருக்கு மாற்றுவதாகக் கொள்ள, 10 மீற்றர் உயரத்துக்கு நிமிடத்துக்கு 228 லீற்றர் தரும். அது 15 மணி நேர வேலை. மோட்டருக்கு மாத்திரம் 17 அலகு. மரக்கறிக்கு ஏற்ற இம்மோட்டர் நெல்லுக்கு ஏற்றதன்று.

தம் கம்பியைத் தாமே அளத்தல்

ஏற்கெனவே கம்பி இழுத்து மோட்டர் ஓட்டி வருவோர் அதன் தடையை அறிய எளிய வழியுண்டு. மோட்டர் ஓடிக்கொண்டிருக்கையில், தகுதி பெற்ற மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு வீட்டு மானியருகிலும் மோட்டர் முனையிலும் வோல்ற்றளவை அளப்பித்து, கம்பியைக் கவ்விப் பிடிக்கும் அம்பியர்மானியால் ஓட்டத்தையும் அறிதல் வேண்டும். வீட்டில் 228, மோட்டரில் 204, ஓட்டம் 6.5 அம்பியர் எனக் கொள்வோம். வேறுபாடு 24 வோல்ற்று, அதனை 6.5 ஆல் வகுக்க 3.69 ஓம். போட்டிருப்பது 120 மீற்றர் தூரத்துக்கு 7/0.67 கம்பியாயின், கணக்குப்படி இருக்க வேண்டியது 1.78 ஓமே. எஞ்சிய 1.91 ஓம் எங்கே உள்ளது? கம்பியின் உடலில் அன்று. முறுக்கி நாடா சுற்றிய மூட்டுகளிலும், தளர்ந்த திருகாணிகளிலும், துருவேறிய ஆளியிலுமே இருக்கும். 6.5 இன் வர்க்கத்தை 1.91 ஆல் பெருக்க 81 வாற்று. விரலளவான மூட்டு ஒன்றில் 81 வாற்று வெப்பம் சேருமாயின் நாடா உருகுவதும் ஓலைவேலி பற்றுவதும் நேரக்கூடியவையே. மோட்டரை நிறுத்தி, முதன்மை ஆளியையும் அணைத்தபின், மூட்டுகளைத் தேடித் திருத்துவித்தல் வேண்டும். மேலே கூறிய காரணத்தால் இவ்வளவை தடையை உண்மையிலும் சற்றுக் குறைத்தே காட்டும். ஆகவே கூடுதலாக வந்தால் ஐயுற இடமில்லை.

மோட்டர் பெறும் வலுவை மின்மானியே சொல்லிவிடும். இக்கால மானிகளில் சிறு செவ்வொளி ஒன்று மின்னும். ஓர் அலகுக்கு எத்தனை முறை மின்னும் என்பது மானியின் முகத்தில் எழுதப்பட்டிருக்கும். அது 1,600 ஆயின், வீட்டில் மற்றெல்லாவற்றையும் அணைத்துவிட்டு மோட்டரை மாத்திரம் ஓட்டி, ஒரு நிமிடத்தில் 30 முறை மின்னினால், ஒரு மணிக்கு 1,800 முறை. 1,800 ஐ 1,600 ஆல் வகுக்க 1.125 கிலோவாற்று. வீட்டில் அளந்த 228 வோல்ற்றை 6.5 அம்பியரால் பெருக்க 1,482. 1,125 ஐ அதனால் வகுக்க வலுக்காரணி 0.76. மோட்டருடன் உள்ள கொள்ளளவி பழுதடைந்தால் இவ்வெண்கள் மாறிவிடும். புதிய மோட்டரை முதலில் ஓட்டிய நாளன்றே இவற்றை ஒரு கொப்பியில் குறித்துவைப்போர், பின்னர் மாற்றம் நேரும்போது நோயை உடனே அறிந்துகொள்வர்.

தடையும் உயிரும்

ஈரக்கையும் ஈரக்காலுமாக நிற்கும் மனித உடலின் தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230 ஐ 1,000 ஆல் வகுக்க 0.23 அம்பியர். இவ்வோட்டம் மனித இதயத்தை நிறுத்தப் போதுமானது. அதில் ஐந்தில் ஒரு பங்கே உயிராபத்தை விளைக்கக்கூடும். கிணற்றடியில் நிற்போர் எப்போதும் ஈரத்திலேயே நிற்பவர் என்பதால் இக்கணக்கு அவர்க்கே அதிகம் உரியது.

மோட்டரின் உலோக உடலைப் புவித்தொடுப்புச் செய்துவிட்டால் போதும் என்று கருதுவோர் உளர். அக்கருத்து அரைகுறையானது. தோட்ட மூலையில் அறைந்த புவித்தொடுப்புக் கோலுக்கு 20 ஓம் தடை இருக்குமாயின், மின்கம்பி மோட்டரின் உடலைத் தொட்டபோது பாயும் ஓட்டம் 230 ஐ 20 ஆல் வகுத்து வரும் 11.5 அம்பியர். 15 அம்பியர் உருகி இதற்கு உருகாது. மோட்டரின் உடல் மின்னேறிய நிலையிலேயே காத்திருக்கும். மணற்பாங்கான நிலத்தில், கோடையில், கோலின் தடை இதனிலும் பன்மடங்கு ஏறும். அப்போது உருகிக்கு வேலையே இல்லை. இதனாலேயே 30 மில்லியம்பியர், அதாவது 0.03 அம்பியர், கசிந்தவுடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் “ட்ரிப் சுவிட்ச்” இன்றியமையாததாகிறது. 11.5 அம்பியர் கசிவு அதற்கு முந்நூறு மடங்குக்கு மேற்பட்டது, நொடிப்பொழுதில் துண்டித்துவிடும். மோட்டரை இயக்கும்போது அது அடிக்கடி விழுகிறதென்று அதனை விலக்கி நேராக இணைப்போர், உயிர் காக்கும் ஒரே கருவியை அகற்றுகின்றனர். அது விழுவது மோட்டரிலோ கம்பியிலோ கசிவு உள்ளதற்கு அறிகுறி. கசிவைத் தேடுவதே வேலை.

காட்டுப்பன்றியை விலக்க வயலைச் சுற்றிக் கம்பி கட்டி, வீட்டு மின்சாரத்தை அதில் ஏற்றுவது சட்டவிரோதமும் கொடுமையுமாகும். யானைகளோடு மனிதரும் அவ்வாறு மாண்டுள்ளனர். அனுமதிக்கப்பட்ட மின்வேலி வேறு வகையினது. அது மிகக் குறுகிய துடிப்புகளாக மாத்திரம் மின்னேற்றும். தொடர்ந்து பாயும் 230 வோல்ற்று, தொட்டவரின் தசைகளை இறுகச் செய்து, கம்பியை விடமுடியாமற் செய்துவிடும்.

ட்ரிப் சுவிட்சில் சோதிக்கும் பொத்தான் ஒன்று உண்டு. மாதத்துக்கு ஒருமுறை அதனை அழுத்த, சுவிட்ச் உடனே விழவேண்டும். விழாவிடின் அதனை மாற்றும் வரை மோட்டரை இயக்குதல் கூடாது. நிலம் வறண்ட மாதங்களில் புவித்தொடுப்புக் கோலைச் சுற்றி நீரூற்றி ஈரமாக வைத்திருத்தலும், போகத்துக்கு ஒருமுறை அதன் தடையை மின்னியலாளரைக் கொண்டு அளப்பித்துக் கொப்பியில் முன்னைய எண்ணுக்குப் பக்கத்தில் குறித்தலும் வேண்டும்.